வளனார் கல்லூரி யாருக்காக?

பிரெஞ்சுச் சேசு சபைத் துறவிகள் 1844இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கியபோது, மெட்ராஸ் பல்கலைக்கழகம் பிறக்கவே இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. 1883இல் அந்தக் கல்லூரி திருச்சிக்குப் பெயர்ந்தது. ஊர்க்காரர்கள் அதை இன்றும் ‘ஜோசப் காலேஜ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதன் பழைய மாணவர்கள் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் மூன்று: அப்துல் கலாம், புரத வடிவ ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற ஜி.என். ராமச்சந்திரன், எழுத்தாளர் சுஜாதா. ஒருவர் இராமேசுவரத்து முஸ்லிம். மற்ற இருவரும் பிராமணர்கள். கத்தோலிக்கர் ஒருவர்கூட இல்லை. மூவருமே இயற்பியல் படித்தவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை. கத்தோலிக்கக் குருக்களையும் கற்ற கத்தோலிக்கக் குடும்பங்களையும் உருவாக்க வேண்டும் என்று கப்பலேறி வந்தவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் மகிழ்வார்களா, திகைப்பார்களா?

தமிழ்நாட்டின் கத்தோலிக்கக் கல்லூரிகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் நூற்றாண்டு மலர்கள். ‘ஒரு கனவு கண்டார்கள், அது நனவானது’ என்ற தொனியில் அவை ஓடும். நடந்ததைப் பார்த்தால், கல்லூரியின் நோக்கத்தை நிறுவியவர்கள் எழுதி வைத்தார்கள். ஆனால் கல்லூரி எதைச் செய்தது என்பதை ஒவ்வொரு காலத்திலும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். முதலில் பல்கலைக்கழகம், பிறகு காவிரிக் கரைக் குடும்பங்கள், அதன் பிறகு அரசு, இப்போது கட்டணம் கட்டும் பெற்றோர். சபைக்குக் கிடைத்தது இடைவெளிகள் மட்டுமே. அந்த இடைவெளிகளில் நடந்ததுதான் இந்தக் கல்லூரிகளின் உண்மையான வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டி, மரக்கறி உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்று, உயர்சாதியாரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவர முயன்றார். அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்தார். 1773இல் திருத்தந்தை சேசு சபையையே கலைத்துவிட்டார். 1814இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 1838இல் பிரெஞ்சுத் துறவிகள் மதுரை மறைத்தளத்துக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் கோவாவைச் சேர்ந்த குருக்கள் தேவாலயங்களைத் தங்கள் பொறுப்பில் வைத்திருந்தார்கள். யாருக்கு எந்தக் கோயில் என்ற வழக்குகள் ஊருக்கு ஊர் நடந்தன. போதாததற்குக் காலரா, வந்த துறவிகளில் பலரைச் சில ஆண்டுகளுக்குள் கொண்டுபோனது. ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும் என்று நம்ப முடியாத நிலையில், உள்ளூரிலேயே குருக்களை உருவாக்கும் தேவை எழுந்தது. நாகப்பட்டினத்துக் கல்லூரி அந்த நெருக்கடியின் பிள்ளை.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, தனியார் கல்விக்கூடங்களுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. 1857இல் பல்கலைக்கழகம் வந்தது. 1866இல் வளனார் கல்லூரி அதனுடன் இணைந்தது. இந்த இணைப்பை விழா மலர்கள் ஒரு வெற்றியாகக் குறிப்பிடும். உண்மையில் அது பெரியதொரு விட்டுக்கொடுத்தல். சேசு சபைக்கென்று 1599லேயே வகுக்கப்பட்ட ஒரு கல்வி முறை இருந்தது. இலத்தீன், கிரேக்க இலக்கியம், சொற்கலை, அதன்மேல் மெய்யியல், உச்சியில் இறையியல் என்று படிப்படியாக ஏறும் முறை அது. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளை அதைக் கொண்டுதான் நடத்தினார்கள். இணைப்புக்குப் பிறகு தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அது கிடைக்கவில்லை. என்ன பாடம், எந்த நூல், எப்போது தேர்வு என்பதையெல்லாம் சென்னையில் இருந்த பல்கலைக்கழகம் முடிவு செய்தது. இணைந்த கல்லூரியின் வேலை, மாணவரை அந்தத் தேர்வுக்குத் தயார் செய்வது. சபையின் கைவண்ணத்துக்கு மிஞ்சியவை விடுதி, ஒழுக்கம், நூலகம், ஆய்வுக்கூடம், வகுப்பு முடிந்த பிறகு ஃபாதரோடு நடக்கும் பேச்சு.

திருச்சிக்கு வந்தது அடுத்த திருப்பம். நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் இடையே 1860களின் தொடக்கத்திலேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. திருச்சி மாவட்டத் தலைநகர், சுற்றிலும் காவிரிப் பாசனம். அரசு வேலைக்குப் பட்டம் தேவைப்பட்ட குடும்பங்கள் ஸ்ரீரங்கத்திலும் அக்கிரகாரங்களிலும் நிறைந்திருந்தன. மாகாணத்துப் பட்டதாரிகளில் பெரும்பான்மையினர் பிராமணர்களாக இருந்த காலம் அது. கல்லூரி அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தது போலாயிற்று. துறவிகளின் மனத்திலும் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். நொபிலி காவி கட்டித் தேடிப்போனவர்கள் இப்போது புத்தகப் பையுடன் தாங்களாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

1890களில் அந்தக் கணக்குக்கு ஓரளவு விடை கிடைத்தது. பிராமண மாணவர்கள் சிலர் திருமுழுக்குப் பெற்றார்கள், ஊர் கொந்தளித்தது. குடும்பங்கள் அவர்களை ஒதுக்கிவைத்தன. மதம் மாறியவர்கள் வாழ்வதற்கென்று செயின்ட் மேரிஸ் தோப்பு என்ற குடியிருப்பே உருவானது. எண்ணிக்கையில் அது மிகச் சிறிய கூட்டம். அதற்காகச் செலவான உழைப்பையும் கிளம்பிய பகையையும் எடைபோட்டால், நொபிலியின் பழைய கனவு கல்லூரி வழியாகவும் பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கொந்தளிப்பு அடங்கியதும் அதே குடும்பங்கள் அதே கல்லூரிக்குத் தம்பிகளை அனுப்பியதுதான் கவனிக்க வேண்டியது. பட்டத்தின் மதிப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இங்கே புராட்டஸ்டண்ட் கல்லூரிகளோடு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லர் காலத்தில் எல்லா மாணவர்களும் விவிலிய வகுப்பில் உட்கார வேண்டும். இந்து சமூகத்துக்குள் கிறிஸ்தவச் சிந்தனை மெல்லப் பரவினால் போதும் என்பது மில்லரின் எண்ணம். கத்தோலிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு நீதிபோதனை என்று வகுப்பைப் பிரித்தார்கள். இதைப் பெருந்தன்மை என்றும் படிக்கலாம். திருச்சபைக்கு வெளியே இருப்பவனுக்குப் பாதி விவிலியம் கொடுப்பதில் பயனில்லை என்ற இறுக்கமான இறையியல் என்றும் படிக்கலாம். இரண்டில் எது காரணமாக இருந்தாலும், பிற மதத்துப் பெற்றோருக்கு இது வசதியாக இருந்தது.

அந்த வசதியின் முழு உருவத்தைப் பார்க்க 1950களின் தொடக்கத்துக்குப் போகலாம். கலாம் தன் சுயசரிதையில் வளனார் கல்லூரி விடுதியை நினைவுகூர்கிறார். அறையில் அவருடன் தங்கியவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். விடுதியில் சைவ மெஸ் தனியாக இருந்தது. அதன் செயலாளராக இருந்தவர் கலாம்தான். ஆங்கிலம் கற்பித்த ஃபாதர் செக்வேரா விடுதிக் காப்பாளராகவும் இருந்தார். இரவில் விவிலியமும் கையுமாக ஒவ்வொரு மாணவரையும் பார்த்துவிட்டுப் போவார். கத்தோலிக்கக் கல்லூரியின் சைவ மெஸ்ஸை ஒரு முஸ்லிம் மாணவர் நிர்வகித்தது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றின் அழகான காட்சிகளில் ஒன்று. அந்தக் காட்சியில் யார் இல்லை என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். சேரியிலிருந்து வந்த மாணவருக்கு அந்த மூவர் அறையில் கட்டில் கிடைத்திருக்குமா? கத்தோலிக்கச் சமூகம் தன் கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பியிருந்தது. வடக்கன்குளத்தில் தேவாலயமே இரு பகுதிகளாகக் கட்டப்பட்டிருந்தது. 1910இல் சேசு சபையினர் அங்கே தடுப்பை அகற்றியபோது, உரிமை போயிற்று என்று வேளாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்கவில்லை. சுவரை இடித்த அதே சபை, கல்லூரியில் சாதியைப் பற்றி வாய் திறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

1925இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் லயோலா கல்லூரி தொடங்கியது. நிறுவியவர் பிரெஞ்சுத் துறவி பிரான்சிஸ் பெர்ட்ராம். கணிதம், வரலாறு, பொருளாதாரம் என்று மூன்று பாடங்கள், 75 மாணவர்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன், அமுல் குரியன், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் எனப் பலர் அங்கே படித்தார்கள். பிரமுகர்களின் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் ஒரே ஒருவர்: சார்ல்ஸ் ரசீன்.

ரசீன் 1897இல் பிரான்சில் பிறந்தவர். பாரிஸில் எலீ கார்த்தானின் மேற்பார்வையில், பொதுச் சார்பியல் கோட்பாட்டில் எழும் ஒரு கணிதச் சிக்கலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஆந்த்ரே வெய் போன்ற புதிய தலைமுறைக் கணிதர்களை நேரில் அறிந்தவர். 1937இல் இந்தியாவுக்கு வந்து முதலில் திருச்சி வளனாரில் கற்பித்தார். இரண்டு ஆண்டுகளில் லயோலாவுக்கு மாறினார். அப்போது சென்னையில் கணிதம் என்றால் கேம்பிரிட்ஜ் பாணி. ஹார்டியும் ராமானுஜனும் வழிவிட்ட பாதையில் எண் கோட்பாடும் பகுப்பாய்வும் செழித்திருந்தன. மாநிலக் கல்லூரியில் ஆனந்த ராவும், பல்கலைக்கழகத்தில் வைத்தியநாதசுவாமியும் இருந்தார்கள். பிரான்சில் கணிதத்தின் முகமே மாறிக்கொண்டிருந்த செய்தி இங்கே வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்தவர் ரசீன். பி.ஏ. ஆனர்ஸ் மாணவர்களிடம், தேர்வுக்கு ஒருபோதும் வராத நவீன இயற்கணிதத்தையும் இடவியலையும் பற்றிப் பேசினார். ‘ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறேன்’ என்பதே கெட்டிக்கார மாணவரின் இயல்பான பதிலாக இருந்த ஊரில், மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போ என்று தள்ளிவிட்டார். எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அப்படிப் போனவர்கள். 1965இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்று உலகெங்கும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. கே.ஜி. ராமநாதனும் ராகவன் நரசிம்மனும் அவருடைய மாணவர்கள்தான். சேஷாத்ரி பிற்காலத்தில் சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இந்தியக் கணிதத்தின் குடிவழியை வரைந்தால், அதன் கணிசமான கிளைகள் லயோலாவின் ஒரு துறவியின் அறைக்குத் திரும்பி வரும்.

இதில் எது ‘கத்தோலிக்கம்’? ரசீன் யாரையும் மதம் மாற்றவில்லை. பாடத்திட்டம் அவர் கையில் இல்லை. அவரிடம் இருந்தவை மூன்று: குடும்பம் இல்லாத மனிதருக்குக் கிடைக்கும் நேரம், பதவி உயர்வைப் பற்றிக் கவலைப்படாத சுதந்திரம், ஐரோப்பிய அறிவுலகத்தோடு சபை வழியாக அறுபடாமல் இருந்த தொடர்பு. திருச்சியில் கே.எம். மேத்யூ என்ற துறவி செய்ததும் இதே வகை. 1967இல் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவி, தமிழ்நாட்டுச் சமவெளிகளின் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் நடந்து சேகரித்தார். 1980களின் தொடக்கத்தில் அந்தச் சேகரிப்பின் விளைவு பல தொகுதிகளாக வெளிவந்தது. எந்தத் தேர்வுக்கும் எந்த வேலைவாய்ப்புக்கும் தொடர்பில்லாத வேலை. கலை அறிவியல் கல்லூரி என்ற அமைப்பு எதற்காக என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடிய சான்று, நிர்வாகக் குறிக்கோள் பலகையில் இருப்பதைவிட, இந்த இருவருடைய வேலையில்தான் இருக்கிறது.

பெண்கள் கல்லூரிகளின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. திருச்சியில் ஹோலி கிராஸ் 1920களில், சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் 1947 ஆகஸ்டு 15, கோவை நிர்மலா 1948, மதுரை பாத்திமா 1953, வேலூர் ஆக்ஸிலியம் 1954. ஸ்டெல்லா மாரிஸ் சாந்தோமில் ஒரு சிறு கட்டடத்தில் 32 மாணவியரோடு தொடங்கியது. ‘சிஸ்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற ஒரு வாக்கியம், மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய எத்தனையோ தகப்பன்மாரை இணங்க வைத்தது. கட்டுப்பாடும் அதே வாக்கியத்தோடு வந்தது என்பதை அங்கே படித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சமூக மாற்றம் என்று அளந்தால், சேசு சபை ஃபாதர்களின் புகழ்பெற்ற கல்லூரிகளைவிட இந்தக் கன்னியர் கல்லூரிகளே அதிகம் செய்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் வரலாறு எழுதுபவர்கள் ஃபாதர்களைத்தான் எழுதுகிறார்கள். நானும் இந்தக் கட்டுரையில் அதையே செய்துகொண்டிருக்கிறேன்.

விடுதலையின்போது கல்லூரிகளின் சட்ட அடித்தளம் மாறியது. லயோலாவின் முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். கிறிஸ்தவர்கள் சட்டமன்றத்தில் தனி இடங்கள் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவாக நிலைபெற்றது. அரசியலில் கூட்டமாக நிற்பதைவிடக் கல்வியில் நிற்பது மேல் என்ற தேர்வு இதில் தெரிகிறது. 1974இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில், அதுவும் சேசு சபைக் கல்லூரிதான், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சிறுபான்மையினரின் நிர்வாக உரிமையை உறுதி செய்தது. அதே காலத்தில் ஆசிரியர்களின் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. நிர்வாகம் சபையுடையது, சம்பளம் அரசுடையது, பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது. இந்த மும்முனை ஏற்பாட்டில்தான் தமிழ்நாட்டின் உதவி பெறும் கல்லூரிகள் தங்கள் நல்ல காலத்தைக் கண்டன. ஏழை மாணவருக்குக் குறைந்த கட்டணம், ஆசிரியருக்கு நிறைவான ஊதியம் என இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன.

அந்த நேரத்தில் சபையே தன்னைத் திருப்பிப் பார்த்தது. 1973இல் அதன் தலைவர் பெத்ரோ அருப்பே, ஸ்பெயினின் வலென்சியாவில் சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் முன் நின்று, நீதிக்காக வாழும் மனிதர்களாக உங்களை நாங்கள் உருவாக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். 1975இல் முடிந்த 32ஆவது பொது மாமன்றம், நீதிக்கான போராட்டம் விசுவாசத்திலிருந்து பிரிக்க முடியாதது என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இதன் விளைவுகள் கலவையானவை. உசிலம்பட்டி வட்டாரத்தில், கருமாத்தூரில் 1970லேயே அருள் ஆனந்தர் கல்லூரி தொடங்கியிருந்தது. நகரத்துப் பிள்ளைகளை எதிர்பார்க்காமல் கள்ளர் நாட்டு விவசாயப் பிள்ளைகளைத் தேடிப் போன கல்லூரி அது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து போன்றவர்களின் முயற்சியால் நாட்டார் வழக்காற்றியல் ஒரு துறையாகவே வளர்ந்தது. வில்லுப்பாட்டும் ஒப்பாரியும் சாமியாட்டமும் பட்டப் படிப்புக்குரிய பொருளாயின. நொபிலி சமஸ்கிருதத்தின் வழியாகத் தமிழகத்துக்குள் நுழைய முயன்றார். அவருடைய சபை சுடலைமாடன் கோயில் கொடையின் வழியாக உள்ளே வந்துசேர மூன்றரை நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

மறுபக்கத்தைச் சொன்னவர் பாமா. 1992இல் வந்த ‘கருக்கு’, ஏழைகளுக்குத் தொண்டு செய்வோம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்த தலித் பெண் ஒருத்தி, அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியையும் சாதியையும் கண்டு வெளியேறிய கதை. தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் திருச்சபைக்கு எதிராகவே தெருவில் இறங்கிய ஆண்டுகள் அவை. அரசின் பார்வையில் அவர்கள் பட்டியல் சாதியினர் அல்ல, 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களை விலக்கியிருந்தது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். அரசு தராத இடத்தைத் திருச்சபை தன் கல்லூரிகளில் தர வேண்டும் என்ற கோரிக்கை அப்போது எழுந்தது. கல்லூரிகள் மெல்ல அசைந்தன, சேர்க்கையில் தலித் கிறிஸ்தவர்களுக்கு முன்னுரிமை பேசப்பட்டது. ஆசிரியர் நியமனத்திலும் அதிகாரப் பதவிகளிலும் அந்த அசைவு இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது.

1978இல் வளனாரும் லயோலாவும் தன்னாட்சி பெற்றன. 112 ஆண்டுகளுக்கு முன் விட்டுக்கொடுத்த பாடத்திட்டம் வளனாருக்குத் திரும்பக் கிடைத்த தருணம் இது. மெய்யியலும் இலக்கியமும் அறிவியலும் கலந்த ஒரு படிப்பைத் தமிழ்நாட்டுக்கென்று வடிவமைக்க அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது. சில நல்ல காரியங்கள் நடந்தன: கிராமத்துக்குப் போய்வருவது மதிப்பெண்ணோடு இணைந்தது, துறை கடந்த விருப்பப் பாடங்கள் வந்தன. ஆனால் தன்னாட்சியை அடுத்தே சுயநிதி வகுப்புகளும் வந்தன. 1980களுக்குப் பிறகு புதிய படிப்புகளுக்கு அரசு சம்பளம் கொடுக்க முன்வரவில்லை. பி.காம்., கணினி அறிவியல், விஸ்காம் என்று கிராக்கி இருந்த பாடங்கள் மாலை ஷிஃப்டில் முளைத்தன. இன்று ஒரே வளாகத்தில் இரண்டு கல்லூரிகள் இயங்குகின்றன. ஒன்றில் அரசு ஊதியம் வாங்கும் பேராசிரியர், குறைந்த கட்டணம் கட்டும் மாணவர். மற்றொன்றில் தொகுப்பூதியம் வாங்கும் இளம் ஆசிரியர், பல மடங்கு கட்டணம் கட்டும் மாணவர். ஆசிரியர்கள் இருவருக்கும் அதே பட்டம், அதே தகுதித் தேர்வு. சமூக நீதியைப் பாடமாக எடுப்பவர் அந்தத் தொகுப்பூதியக்காரராகவே இருப்பதும் உண்டு. இது கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. ஆனால் 1975இல் எழுதிய தீர்மானத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை கூடுதல்.

நேரத்தைப் பற்றியும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். மாலை ஷிஃப்டில் வகுப்பு முடிந்ததும் பேருந்துக்கு ஓடும் ஆசிரியருக்கு ரசீனுக்கு இருந்த ஓய்வு கிடையாது. துறவிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. பல துறைகளில் அங்கி அணிந்த ஒருவரும் இல்லை, ஃபாதர்கள் நிர்வாக அறைகளில்தான் இருக்கிறார்கள். வகுப்பறைக்கு வெளியே மாணவரோடு உட்கார்ந்து பேசும் மரபைத் துறவிகள் அல்லாத ஆசிரியர்களிடம் ஒப்படைப்பதென்றால், அதற்கான சம்பளத்தையும் பணிப் பாதுகாப்பையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம், தனியார் கல்லூரிகளிலும் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்தபோது சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. ஆக, யாரைச் சேர்ப்பது என்ற முடிவில் பெரும்பகுதி இன்று நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. 1844இலிருந்து வேறு யாரிடமோ இருந்த தீர்மானம் இந்த ஒரு விஷயத்தில் சபையிடம் வந்து நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்ததும், உதவி பெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் சேர்ந்தவர்களில் தலித் கிறிஸ்தவர் எத்தனை, குடும்பத்தில் முதல் பட்டதாரி எத்தனை, கட்டணச் சலுகை பெற்றவர் எத்தனை, அவர்களுக்குக் கற்பிக்கும் சுயநிதி ஆசிரியரின் மாதச் சம்பளம் என்ன என்று துறைவாரியாக ஒரு பக்கம் அச்சிட்டு வெளியிடலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை, எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் அதற்குத் தேவையில்லை.